பத்தொன்பது எழுத்துக்குள் ஒரு குளவிக்கூடு

தீவு ஒலிபரப்புச் சபை ஒரு பொட்காஸ்ட் விபரக்கொத்தை வெளியிடுவதெனத் தீர்மானித்த அன்று, சபையின் வசம் ஒரு பொட்காஸ்ட்கூட இருக்கவில்லை. இதை ஒரு குறையாக யாரும் எண்ணவில்லை. நிகழ்ச்சிகளை எவரும் செய்துவிடலாம். அவற்றை அடுக்கி வைக்கிற தரவு வடிவத்தைச் செய்வதற்குத்தான் ஒரு குழு வேண்டும். குழு அமைந்தது. பதினொரு கூட்டங்களில் அது அறுபத்து நான்கு கட்டங்கள் கொண்ட ஒரு படிவத்தை வடித்தெடுத்தது. நிகழ்ச்சியின் பெயருக்கு ஒரு கட்டம். நடத்துபவர் பெயருக்கு ஒரு கட்டம். அந்தப் பெயரை உறுதிப்படுத்தியவரின் பெயருக்கு ஒரு கட்டம். உறுதிப்படுத்திய திகதிக்கு ஒரு கட்டம். அந்தத் திகதி விடுமுறை நாளாக இருந்தால், விடுமுறையில் ஏன் உறுதிப்படுத்தினார் என்பதற்கு இன்னொரு கட்டம்.

பன்னிரண்டாவது கூட்டத்தில்தான் யாரோ குழுவை அமைத்த சுற்றுநிருபத்தைக் கடைசிப் பக்கம்வரை வாசித்துப் பார்த்தார். குழுவில் ஒரு பாவனையாளர் பிரதிநிதி கட்டாயம் இருக்க வேண்டும் என்று அங்கே எழுதியிருந்தது. குழுவிலிருந்த எவருக்கும் எந்தப் பாவனையாளரோடும் பழக்கமில்லை. கணினிப் பிரிவில் தற்காலிக நியமனத்தில் இருந்த ஓப்பநாயக்க ஊர்ப் பெண் ஸில்மியா தன் தொலைபேசியை எடுத்துக் காட்டி, "எங்கட ஊர்ப் பக்கம் ஒரு அக்கா ஈக்குறா, சேர்" என்றாள்.

அந்த அக்கா ஏஞ்சலின். கஹவத்தைக்கு மேலே ரொக்வில் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்பவள். தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை அவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். பதினான்கு குழந்தைகள், பதினான்கு துணித் தொட்டில்கள்.

மூன்று மாதத்துக்கு முன் ஏழாம் நம்பர் மலையில் குளவி கிளம்பியது. தர்மிளா என்கிற பெண் பயத்தில் தலைத்துண்டை அவிழ்த்து வீசிக்கொண்டே, மற்றப் பெண்கள் நின்ற பக்கமாக ஓடினாள். ஒன்பது பேருக்குக் கொட்டு. தர்மிளா ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவளுடைய எட்டு மாதக் குழந்தை ரோஷானி புட்டிப்பால் குடிக்க மாட்டேன் என்று காம்பராவில் ஆறு நாளும் அழுதது. ஆறாம் நாள் மத்தியானம் ஏஞ்சலின் தொலைபேசியை ஜன்னல் கட்டையில் சாய்த்து வைத்துவிட்டு, ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டு பேசினாள்.

"குளவிக்கூட்டைக் கலைக்காதீங்க. கூட்டைக் கண்டா கங்காணிகிட்ட சொல்லுங்க, கல்லெறியாதீங்க. கிளம்பிருச்சுன்னா கைய வீசாதீங்க. படங்க அவுத்துத் தலையையும் மூஞ்சியையும் மூடிக்கங்க. ஆளுங்க நிக்கிற பக்கம் ஓடாதீங்க. கதவு இருக்கிற எடத்துக்குள்ள போயிருங்க."

இடுப்பில் சுற்றிக்கொள்கிற அந்தத் தடித்த படங்கு குளவியைத் தடுக்கும் என்பது யாருக்கும் அதுவரை தோன்றியிருக்கவில்லை. பதினொரு நிமிடப் பேச்சு. நான்காம் நிமிடத்தில் குழந்தை அழும். அது வட்ஸ்அப்பில் தோட்டம் தோட்டமாகப் போனது. பிறகு அட்டைக்கடி பற்றிப் பேசினாள், மழைக்காலத்தில் வழுக்குகிற வடிகான்கள் பற்றிப் பேசினாள், எல்லாவற்றையும் 'குளவிக்கூட்டைக் கலைக்காதீங்க' என்ற அதே முதல் பெயரிலேயே அனுப்பினாள். தான் செய்வதற்குப் பொட்காஸ்ட் என்று பெயர் என்பது ஸில்மியா சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

"அக்கா, கொத்துல சேர்ந்தா டேட்டா வெட்டாது. சும்மா கேக்கேலும்" என்றாள் ஸில்மியா.

ஏஞ்சலினுக்கு அது போதுமாக இருந்தது. மாதம் பாதி கடக்கும்போது பெண்களின் தொலைபேசியில் டேட்டா முடிந்துவிடும். அதற்குப் பிறகு அவள் அனுப்புவது சுற்றிக்கொண்டே நிற்கும். குளவி மாதத்தின் முதற்பாதியில் மட்டும் வருவதில்லை.

அவள் விடியற்காலை பஸ்ஸில் கொழும்புக்குப் போனாள். சபையின் மூன்றாம் மாடியில் நீள மேசை. தலைமையில் மேலதிகப் பணிப்பாளர் கலாநிதி பவளேந்திரன். அவர் வணக்கம் சொன்னாலே வானொலியில் நேரம் அறிவிப்பதுபோல இருந்தது.

"இன்று நம் மத்தியில் ஒரு பாவனையாளர் நேரில் சமுகமளித்திருக்கிறார்" என்று அவர் தொடங்கினார். "இச்சபை நாற்பது ஆண்டுகளாகப் பாவனையாளர்களுக்காகவே இயங்கி வருகிறது. அவர்களில் ஒருவரை இன்று பார்க்கக் கிடைத்தமை எமது பாக்கியம்."

எல்லாரும் கைதட்டினார்கள். ஏஞ்சலின் எழுந்து நின்று, எதற்கென்று தெரியாமல் தானும் கைதட்டினாள்.

பரீட்சார்த்தமாக அவளுடைய நிகழ்ச்சியைப் படிவத்தில் இட்டு நிரப்பிப் பார்ப்பதென்று முடிவாயிற்று. முதல் ஒன்பது கட்டங்களும் சுமுகமாகப் போயின. பத்தாவது கட்டம் பங்களிப்பாளர்கள். ஒலிப்பதிவில் குரல் கேட்கிற ஒவ்வொருவரின் விபரமும் அதில் வர வேண்டும்.

"நான்காவது நிமிடத்தில் இன்னொரு பங்களிப்பாளர் தோன்றுகிறார்" என்றார் பவளேந்திரன். "அவர் யார்?"

"அது பேசலிங்க ஐயா. அழுவுது. தர்மிளா மக ரோஷானி."

"தேசிய அடையாள அட்டை இலக்கம்?"

"இன்னும் பல்லே வரலிங்க ஐயா."

"அட்டைக்கு விண்ணப்பித்திருக்கிறாரா என்றுதான் கேட்டேன்."

பங்களிப்பாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் பத்தாவது கட்டத்தைத் தாண்ட முடியாதென்று தெரிந்தது. அடுத்த கூட்டத்துக்கு ஏஞ்சலின் ஒரு கடுதாசியில் குழந்தையின் கட்டைவிரல் அடையாளத்தைப் பதித்துக் கொண்டுவந்தாள். குழந்தை மையை நக்கியதில் அடையாளத்தின் ஓரம் கொஞ்சம் கலங்கியிருந்தது. அதைக் கையெழுத்தாக ஏற்கலாமா என்று சட்டப் பிரிவிடம் கருத்துக் கேட்டார்கள். ஏற்கலாம் என்றது சட்டப் பிரிவு, பங்களிப்பாளர் பதினெட்டு வயதானதும் மறுபடி வந்து உறுதிப்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையுடன்.

அதற்குப் பிறகு பதினோராவது கட்டம்: பங்களிப்பு எந்த மொழியில் வழங்கப்பட்டது? குழந்தை எந்த மொழியில் அழுதது என்பதை ஆராய ஒரு முழுக் காலை செலவானது. தமிழ்த் தாயின் குழந்தை ஆகையால் தமிழ் என்றார் ஒருவர். பால் கேட்டு அழுததால் அது சர்வதேசமானது என்றார் இன்னொருவர். இறுதியில் "பிற" என்று இட்டார்கள். நல்ல விவாதம் நடந்ததில் எல்லாருக்கும் திருப்தி.

சிக்கல் வந்தது பதினேழாவது கட்டத்தில். அது மாகாணம். பதினெட்டாவது, நிகழ்ச்சியின் மொழி. ஸில்மியா திரையில் சப்ரகமுவ என்பதைத் தட்டியதும் மொழிப் பட்டியலிலிருந்து தமிழ் மறைந்துபோனது.

ஏஞ்சலின் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "சப்ரகமுவைய தட்டினா தமிழ் காணாமப் போகுதுங்களே, ஐயா."

"காணாமற்போகவில்லை. அச்சேர்க்கை வடிவத்தில் அனுமதிக்கப்படவில்லை."

"நான் அங்கதானுங்க இருக்கேன். எங்க தோட்டத்துல மட்டும் முந்நூறு குடும்பம். பேசிக்கிட்டுத்தான் இருக்கோம். கீழ டவுன்ல கடைக்காரங்களும் தமிழ்தானுங்க பேசுறாங்க."

பவளேந்திரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் இரக்கப்படும்போது அப்படிச் செய்வார். "அம்மா, நீங்கள் இருப்பதையோ பேசுவதையோ சபை ஒருபோதும் மறுக்கவில்லை. தரவு மட்டத்தில் மாத்திரமே நீங்கள் இல்லை. மாகாணம், மொழி, இரண்டில் ஒன்றை மாற்றினால் போதும். எது உங்களுக்கு வசதி?"

ஏஞ்சலின் டேட்டாவை நினைத்தாள். மொழியை மாற்றினால் பேச முடியாது. மாகாணத்தை மாற்றினால் பேச்சாவது மிஞ்சும். "மாகாணத்தையே மாத்திருங்க" என்றாள்.

"மிக்க நன்று. நீங்கள் கிறிஸ்தவர் ஆகையால் உங்களை வட மாகாணத்து மன்னாரில் வைக்கிறேன். அமைதியான இடம். கடலும் உண்டு."

அன்று வீடு திரும்பிய அவளிடம் கணவன் டெனிஸ்டன், "என்னா, முடிஞ்சுதா?" என்று கேட்டான். தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கிற ரோலரில் வேலை செய்பவன். கேள்விகளைச் சுருக்கமாகக் கேட்கிறவன்.

"நம்மள மன்னார்ல போட்டுட்டாங்க."

அவன் சோற்றைப் பிசைந்தபடி யோசித்தான். "நானும் வரணுமா?"

தலைப்பின் நீளம் பதினைந்தாவது கூட்டத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டது. ஒரு தலைப்பு எத்தனை எழுத்துவரை போகலாம்? பன்னிரண்டு என்றார் ஒருவர். நூறு என்று கலைப்பிரிவுத் தலைவர் பத்மசேகரம் சொன்னபோது மேசையைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது. பவளேந்திரன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இருபது" என்றார். அவருடைய காலாண்டு அறிக்கையில் தலைப்புக்கென விட்டிருந்த இடம் அவ்வளவுதான். "இருபதில் ஒன்றை எதிர்காலத் தேவைக்கென ஒதுக்கி வைப்போம். ஆகவே பத்தொன்பது."

"எதிர்காலத்துல என்னா வருமுங்க ஐயா?" என்று கேட்டாள் ஏஞ்சலின். பிரதிநிதி என்றால் இடையிடையே ஏதாவது கேட்க வேண்டும் என்று அவளுக்குப் பிடிபட்டிருந்தது.

"அது தெரிந்தால் ஒதுக்கவேண்டிய அவசியமே இல்லையே" என்றார் அவர். அந்த வாக்கியம் கூட்டறிக்கையில் தடித்த எழுத்தில் இடம்பெற்றது.

ஏஞ்சலின் மேசைக்கு அடியில் விரல் விட்டு எண்ணினாள். கு, ள, வி, க், கூ… பள்ளிக்கூடத்தில் படித்தபடி எண்ணியதில் "குளவிக்கூட்டைக் கலைக்காதீங்க" பதினைந்து எழுத்து. நடுவிலுள்ள இடைவெளியைச் சேர்த்தாலும் பதினாறு. மூன்று மிச்சம். அவள் நிம்மதியாகத் தேநீரைக் குடித்தாள்.

மேசையின் கோடியில் ஸில்மியா கையைத் தூக்கினாள். "சேர், தமிழ்ல எழுத்த மெஷின் எண்ணுற விதம் வேற…"

"தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள் 'ஏனைய விடயங்கள்' என்பதன் கீழ்ப் பேசலாம்" என்றார் பவளேந்திரன். ஏனைய விடயங்கள் நிகழ்ச்சி நிரலில் கடைசி. அதை எட்டும்போது எப்போதும் மத்தியானச் சாப்பாடு வந்துவிடும். எட்டுக் கூட்டங்களாக ஸில்மியா அதன் கீழ்ப் பேசக் காத்திருக்கிறாள்.

விபரக்கொத்து ஒரு திங்கட்கிழமை வெளியானது. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் காம்பரா வாசலில் கூடி நிற்க, ஏஞ்சலின் தொலைபேசியைத் திறந்தாள். டேட்டா உண்மையாகவே வெட்டவில்லை. சபையின் சின்னம் வந்தது, வாழ்த்துச் செய்தி வந்தது, பவளேந்திரனின் படம் வந்தது. மன்னார் வந்தது. அதற்குக் கீழே அவளுடைய நிகழ்ச்சி.

தர்மிளா எட்டிப் பார்த்து உரக்க வாசித்தாள். "குளவிக்கூட்டைக் கலை."

மற்றப் பெண்கள் தலையை நீட்டித் தாங்களும் வாசித்துப் பார்த்தார்கள்.

"என்னாக்கா" என்றாள் தர்மிளா மெதுவாக. "கலைக்கச் சொல்லுறீங்க?"

பள்ளிக்கூடத்தில் ஒரே எழுத்தான 'கு'வை, யந்திரம் 'க' ஒன்று, சுழி ஒன்று என இரண்டாக எண்ணியிருந்தது. புள்ளிக்கும் ஒன்று, கொம்புக்கும் ஒன்று. ஏஞ்சலினின் பதினைந்து எழுத்தும் ஓர் இடைவெளியும் யந்திரத்துக்கு இருபத்தெட்டு இடமாகிவிட்டன. சரியாகப் பத்தொன்பதாவது இடத்தில், 'லை'க்குப் பிறகு, கத்தரிக்கோல் விழுந்தது. தமிழில் வேண்டாம் என்பது சொல்லின் வாலில்தான் இருக்கிறது; வால் போய்விட்டது. அதோடு நிற்கவில்லை. வகை பிரிப்பதற்கென்று எழுதப்பட்டிருந்த இன்னொரு கணினி நிரல், தலைப்பின் இறுதிச் சொல் 'கலை' என்பதைக் கண்டு, நிகழ்ச்சியைக் 'கலை, பண்பாடு' என்ற தலைப்பின் கீழ்க் கொண்டுபோய் வைத்திருந்தது.

"இதத்தான் அக்கா நான் சொல்லப் போனது" என்றாள் ஸில்மியா தொலைபேசியில். "இப்ப நான் மாத்தேலா. கட்டத்தத் தொட்டா எனக்கு வேல போகும். மனு எழுதி அனுப்புங்க, அக்கா."

ஏஞ்சலின் எழுதி அனுப்பினாள். எட்டாம் நாள் பதில் வந்தது.

"தங்கள் முறைப்பாடு கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. விபரக்கொத்திலுள்ள தலைப்பு மூன்று கட்டங்களாகச் சரிபார்க்கப்பட்டதாகும். ஆகவே அது பிழையாக இருக்க இயலாது. தலைப்புக்கும் நிகழ்ச்சிக்கும் பொருத்தமின்மை காணப்படுவதாயின், நிகழ்ச்சியைத் தலைப்புக்கு ஏற்பத் திருத்தி அனுப்புமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்."

டெனிஸ்டன் அதை இரண்டு தடவை வாசித்தான். "கலைக்கிறது எப்படின்னு பேசச் சொல்லுறானுங்க" என்றான்.

அதைக் கேட்டு ஏஞ்சலினுக்குச் சிரிப்பு வந்தது. மறுநாள் காலை அந்தச் சிரிப்பு போய்விட்டது. கித்துல்கலப் பக்கம் ரப்பர் தோட்டத்திலிருந்து ஓர் ஆள் அழைத்தான். நல்ல மரியாதையான குரல். "மிஸ், எங்க மலையில கூடு ஒண்ணு இருக்குங்க. கலைக்கச் சொல்லி ரேடியோக்காரங்க போட்டிருக்காங்க. கம்பால கலைக்கிறதா, நெருப்பு வச்சா?"

"ஐயோ அண்ணே, தொடாதீங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் பதினான்கு குழந்தைகளும் விழித்துக்கொண்டன.

அதன் பிறகு அவள் தெரிந்த எண்களுக்கெல்லாம் தானே அழைத்துப் பேசத் தொடங்கினாள். காலையில் பால் காய்ச்சும்போது இரண்டு பேர், குழந்தைகள் தூங்கும்போது ஐந்து பேர். ஒவ்வொருவரிடமும் ஒரே வாக்கியம்: "அது கலை இல்லைங்க, கலைக்காதீங்க." சிலர் புரிந்துகொண்டார்கள். சிலர், அரசாங்கம் போட்டிருப்பதை இவள் ஏன் வேண்டாமென்கிறாள் என்று சந்தேகப்பட்டார்கள். தனக்குத் தெரியாத எண்களில் எத்தனை பேர் அதை வாசித்திருப்பார்கள் என்ற நினைப்பு அவளை விடவில்லை. நல்லது சொல்லப்போய் யாரையாவது சாகடித்துவிடுவோமோ என்று மாதா படத்தின் முன் நின்று அழுதாள்.

இதற்கிடையில் கொழும்பில் கலைப்பிரிவு உற்சாகத்தில் இருந்தது. விபரக்கொத்தின் 'கலை, பண்பாடு' பகுதியில் மொத்தமே ஒரு நிகழ்ச்சிதான். பத்மசேகரம் அதை ஆராய்ந்து, 'குளவிக்கூட்டைக் கலை' என்பது இதுவரை பதிவு பெறாத ஒரு மரபுக்கலை என்று ஏழு பக்கத்தில் அறிக்கை எழுதினார். கூட்டின் அறுகோண அறைகளைத் தாளக்கட்டாகக் கொண்டு ஆடப்படும் ஆட்டமாக அது இருக்கலாம் என்பது அவருடைய ஊகம். நிகழ்ச்சியை அவர் கேட்டிருக்கவில்லை. கேட்பதற்கான கட்டம் படிவத்தில் இருக்கவில்லை.

பவளேந்திரன் தலைமையில் ஒரு தூதுக்குழு கலையைப் பதிவுசெய்யப் புறப்பட்டது. முதலில் மன்னாருக்குப் போனார்கள். இரண்டு நாள் கரையோரமெங்கும் விசாரித்தார்கள். வலை காயவைத்துக்கொண்டிருந்தவர்கள் மீன் பெயர்களையெல்லாம் சொன்னார்கள். குளவிக்கலை பற்றி ஒருவருக்கும் தெரியவில்லை. கலை அங்கே அழிந்துபோயிற்று என்று பத்மசேகரம் கண்கலங்கக் குறிப்பெடுத்தார். மூன்றாம் நாள் ஸில்மியாவிடம் கேட்டார்கள். அவள் கஹவத்தை என்றாள்.

ரொக்வில் தோட்டத்துத் துரைக்குக் கடிதம் வந்தது. துரை உத்தரவு போட்டார். ஏழாம் நம்பர் மலையின் அடிவாரத்தில், பிள்ளைக் காம்பராவுக்கு ஐம்பது அடி தள்ளிப் பெரிய மரத்தின் கீழ்ப் பந்தல் எழும்பியது. கதிரைகள் வந்தன. ஓர் ஆள் உயரத்தில் ஒலிபெருக்கி ஒன்றை மரத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். அந்த மரத்தின் மேற்கிளையில் ஒரு குளவிக்கூடு இருந்தது. அதனால்தான் அந்த மரத்தைத் தெரிவு செய்ததாகத் துரையின் கிளார்க் பெருமையாகச் சொன்னார்.

ஏஞ்சலின் விழாவுக்கு முந்திய நாளே துரையின் கந்தோருக்கு ஓடினாள். கிளார்க் கடிதத்தைக் காட்டினார். விழாவன்று காலை அவள் வண்டியிலிருந்து இறங்கிய பவளேந்திரனிடமே போனாள். பின்னால் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஸில்மியா இறங்கினாள்.

"ஐயா, கும்புடுறேன். இந்த மரத்துல கூடு இருக்குங்க. இங்க சத்தம் போடக் கூடாதுங்க. காம்பராவுக்குள்ள வாங்க, அங்க பேசிக்கலாம்."

"கூடு இருப்பது நிகழ்வுக்கு நம்பகத்தன்மை தருகிறது" என்றார் அவர். "நீங்கள் ஆடை மாற்றிக்கொண்டு ஆயத்தமாகுங்கள். எத்தனை பேர் ஆடுகிறீர்கள்?"

"ஆட்டமெல்லாம் ஒண்ணும் இல்லைங்க, ஐயா. நான் கலைக்காதீங்கன்னு சொன்னதுங்க."

"கலைஞர்களுக்கு இந்த அடக்கம் இயல்பு" என்று பத்மசேகரம் பவளேந்திரனின் காதில் சொன்னார்.

ஏஞ்சலின் ஒரு கணம் அவர்கள் இருவரையும் பார்த்தாள். பிறகு பேச்சை விட்டுவிட்டு வேலையைப் பார்த்தாள். காம்பராவுக்குப் போய் ஜன்னல்களை அடைத்தாள், தொட்டில்களை உள்ளறைக்கு இழுத்தாள், டெனிஸ்டனைத் தொழிற்சாலைக்கு அனுப்பி ஒரு கட்டுக் கொழுந்துச் சாக்கு எடுத்து வரச் சொன்னாள். தர்மிளாவிடம் ஒரு வார்த்தைதான் சொன்னாள். அது பெண்களின் வரிசையில் வாய்க்கு வாய் போனது. பார்வையாளர்களாக உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்த அறுபது பெண்களும் சத்தமில்லாமல் படங்கை இடுப்பிலிருந்து அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்கள். விருந்தினரை வரவேற்கிற வழக்கம் போலும் என்று தூதுக்குழு நினைத்துப் புன்னகைத்தது.

பவளேந்திரன் ஒலிவாங்கியைப் பிடித்தார். "பேரன்புமிக்க பாவனையாளர்களே! எமது சபை நாற்பது ஆண்டுகளாக உங்களோடு பேசி வருகிறது. இந்த நாற்பது ஆண்டுகளில் நீங்கள் ஒரு தடவையேனும் குறுக்கே பேசியதில்லை என்பதைப் பெருமிதத்தோடு நினைவுகூர்கிறேன்."

மரம் அதிர்ந்தது. ஓர் இலை விழுந்தது.

"இன்று நாம் ஒரு மாபெரும் தரவு வடிவத்தை உங்களுக்கு அளித்திருக்கிறோம். இனி உங்கள் குரல் எங்கே இருக்கிறது என்று நீங்கள் தேட வேண்டியதில்லை. நாம் எங்கே வைக்கிறோமோ, அங்கே இருக்கும்!"

'இருக்கும்' என்பதை அவர் நீட்டினார். ஒலிபெருக்கி வீறிட்டது. மேற்கிளையிலிருந்து ஒரு கறுப்பு நூல் பிரிந்து இறங்குவதுபோல இருந்தது. நூல் விரிந்து கொத்தானது.

அறுபது பெண்களும் படங்கால் தலையை மூடி, குனிந்து, கைவீசாமல், ஒருவரையொருவர் முட்டாமல், காம்பராவுக்கும் தொழிற்சாலைக்குமாகப் பிரிந்து போய்விட்டார்கள். பந்தலில் எஞ்சியவர்கள் சபையார் மட்டுமே. பத்மசேகரம் தம் ஏழு பக்க அறிக்கையால் குளவிகளை விரட்டிக்கொண்டிருந்தார். பவளேந்திரன் ஒலிவாங்கியை வீசியடித்தபடி, "இது நிகழ்ச்சி நிரலில் இல்லை!" என்று கத்தினார். அது ஒலிபெருக்கியில் தோட்டம் முழுவதும் கேட்டது.

"கைய வீசாதீங்க ஐயா! உக்காருங்க!" ஏஞ்சலின் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பந்தலுக்குள் வந்தாள். பின்னால் டெனிஸ்டன். ஒவ்வொருவர் தலையிலும் சாக்கைக் கவிழ்த்து, சட்டைக் கொலரைப் பிடித்து, காம்பராவை நோக்கித் தள்ளினார்கள். கடைசி ஆள் உள்ளே வந்ததும் தர்மிளா கதவைச் சாத்தினாள்.

உள்ளே இருட்டு. தொட்டில்களுக்கு அடியில் தீவு ஒலிபரப்புச் சபையின் உயர்மட்டக் குழு கொழுந்துச் சாக்குகளைப் போர்த்திக்கொண்டு குந்தியிருந்தது. பவளேந்திரனின் மூக்கில் ஒன்று, காதில் ஒன்று, பத்மசேகரத்துக்குக் கையில் நான்கு. தோட்டத்து மருந்துக்காரர் பின்கதவால் வந்து பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் ஒரு மணித்தியாலத்துக்கு யாரும் வெளியே போக வேண்டாம், வாயைத் திறக்கவும் வேண்டாம் என்றார்.

பவளேந்திரன் பேசாமல் இருந்தார். அவருடைய மூக்கு அதற்கு மேல் இடம் கொடுக்கவும் இல்லை. ஸில்மியா அவரருகே போய் உட்கார்ந்தாள்.

"சேர்" என்றாள். "ஏனைய விடயங்கள்."

அவர் தலையசைத்தார். அவள் கரித்துண்டால் காம்பராத் தரையில் எழுதிக் காட்டினாள். இது கு. நமக்கு ஒன்று, யந்திரத்துக்கு இரண்டு. இது க். நமக்கு ஒன்று, யந்திரத்துக்கு இரண்டு. பத்தொன்பதாவது இடத்தில் ஒரு கோடு போட்டாள். கோட்டுக்கு அப்பால் 'க்காதீங்க' என்று எழுதினாள்.

அவர் விரலால் அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஏஞ்சலினிடம் மூக்கால், "இந்த மிச்சம் இருந்திருந்தால் நான் அந்த மரத்தடியில் நின்றிருக்க மாட்டேனே, அம்மா" என்றார்.

"அதத்தானுங்க ஐயா, பந்தல்ல சொன்னேன்" என்றாள் அவள். "உங்களுக்கு மூக்குல ஒண்ணு. கித்துல்கலையில ஒரு மனுசன் கம்ப எடுத்துக்கிட்டு நின்னாருங்க. அவரு என்னைக் கூப்புட்டுக் கேட்டாரு. கேக்காதவங்க எத்தனை பேருன்னு எனக்குத் தெரியாதுங்க. நான் ஒரு மாசமா ஒழுங்கா சாப்புடல." அவருக்கென்று வைத்திருந்த தேநீர்க் கோப்பையை எடுத்தாள். கொடுத்தாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அன்றே, சாக்கைப் போர்த்தியபடி, பிள்ளைக் காம்பராவின் வரவுப் பதிவேட்டிலிருந்து கிழித்த தாளில் அவர் உத்தரவு எழுதினார். அடுத்த கூட்டத்தில் அது சபை மொழிக்கு மாற்றப்பட்டது. பத்தொன்பது என்ற தீர்மானம் பிழையென்று எங்கும் சொல்லப்படவில்லை. "இருபது என்னும் எண் தொடர்ந்தும் நடைமுறையில் இருக்கும், ஆயினும் இனிமேல் அதன் அளவு இருநூறாக இருக்கும்" என்று கூட்டறிக்கை கூறியது. தலைப்பின் வாலில் 'க்காதீங்க' திரும்ப வந்து ஒட்டிக்கொண்டது. சப்ரகமுவவில் தமிழை அனுமதிப்பது பற்றி ஆராய ஓர் உபகுழு நியமிக்கப்பட்டது. உபகுழு கூடுமுன்பே ஸில்மியா அந்தத் தடையை எடுத்துவிட்டாள், யாரும் கவனிக்கவில்லை. மரத்தடிச் சம்பவம் பற்றிய விசாரணை, குளவிகளின் முன்சம்மதம் பெறப்படாமையே காரணம் என்ற முடிவுக்கு வந்தது. பத்மசேகரம் அந்தக் கலை பற்றிய அறிக்கையை மீளப் பெற்றுக்கொண்டார், கை வீக்கம் வற்றிய பிறகு.

ஏஞ்சலின் அதற்குப் பின் கொழும்புக்குப் போகவில்லை. பாவனையாளர் பிரதிநிதியின் ஆசனம் வெறுமையாக இருப்பதால் கூட்டங்கள் வேகமாக நடப்பதாகக் கேள்வி.

ஒரு வியாழக்கிழமை பதினொரு மணிபோல, குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அவள் பயந்துகொண்டே எடுத்தாள். ஓப்பநாயக்கப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பேசுவதாகச் சொன்னாள் ஒரு பெண். மூச்சு வாங்கியது, மலையிலிருந்து இறங்கியவுடன் பேசுகிறாள் போலும்.

"நீங்கதானே அந்தக் குளவி அக்கா? என் பேரு மரியாயி. இன்னைக்குக் காலையில எங்க மலையில கிளம்பிருச்சுங்க. நாப்பத்திரெண்டு பேரு நின்னோம்."

ஏஞ்சலின் இடைமறித்தாள். "யாருக்கு என்னா?"

"ஒருத்தருக்கும் ஒண்ணுமில்லக்கா. நீங்க சொன்ன மாதிரியே படங்க மூடிக்கிட்டு எறங்கி வந்துட்டோம். நாப்பத்திரெண்டு பேரும். கங்காணி தலைய எண்ணிப் பாத்துட்டாரு." அந்தப் பெண் கொஞ்சம் நிறுத்தி மூச்சு விட்டாள். "கூடு அது பாட்டுக்கு அங்கயே இருக்குங்க."